இருபது நிமிடம் தாமதமாக வந்த செயற்கைக்கோள்

மே மாத வெயிலில், மரக்காணம் உப்பளத்தின் நடு வரப்பில், என் வீட்டுக்காரர் ஒரு நீளமான மூங்கில் கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உப்பு வாருகிற பலகையின் கழி அது. பலகையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பழைய டி.வி. ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்களை வெட்டி, மீன் முள் மாதிரி வரிசையாகக் கட்டியிருந்தார். அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, கவிழ்த்துப் போட்ட உப்புக் கூடையின் மேல் இருந்த பெட்டிக்குப் போனது. பெட்டிக்குள்ளிருந்து இரைச்சல் வந்துகொண்டே இருந்தது.

சுற்றிலும் முப்பது பெண்கள். தலையில் கூடை வைக்கச் சுருட்டிய சும்மாடு, முழங்கால் வரை காய்ந்த உப்பு. எல்லோரும் வெறும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் அந்த முப்பதில் ஒருத்தி.

"ஏங்க மெக்கானிக்கு, இப்ப அது எங்க இருக்குது?" என்று கேட்டாள் பச்சையம்மாள். எங்கள் கோஷ்டிக்குத் தலைவி. அவள் கேட்டால் எல்லோரும் கேட்ட மாதிரி.

"இன்னும் ஏறல. மெட்ராஸ் பக்கமிருந்து ஏறும். நம்ம தலைக்கு மேல வந்து பாண்டி பக்கம் எறங்கிடும்."

"ஈ.சி.ஆர். பஸ்ஸு ரூட்டுன்னு சொல்லுங்க. அது என்னிக்கி டைமுக்கு வந்துச்சு?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கழியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

போன வாரம் இந்தப் பகுதியில் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையை எழுதினேன் அல்லவா? என் நாத்தனார் போன் போட்டு, "ரசம் தீரவே இல்லை, உனக்கு எங்க வீட்டைக் குறை சொல்லாட்டி தூக்கம் வராது" என்று அரை மணி நேரம் கத்தினாள். தீர்ந்தது. நான் சாட்சி. அதனால் இந்த வாரம் யாரும் சண்டைக்கு வர முடியாத விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்: ஆகாயம்.

ரேடியோ இல்லாத ரேடியோக்காரர்

என் வீட்டுக்காரர் பெயர் அந்தோணி. ரேடியோ, டேப் ரெக்கார்டர், டி.வி. ரிப்பேர். மரக்காணத்துக்குத் தெற்கே, கடலுக்கு இறங்குகிற சாலையில் கடை. கடை என்றால் எட்டுக்குப் பத்து, பின்னால் வீடு. மேசையில் ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன், சுவர் முழுக்க உடம்பு திறந்த ரேடியோக்கள். ஒரு காலத்தில் எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். துடைக்க முடியாது, தொடக் கூடாது, தூக்கிப் போடவும் விட மாட்டார்.

சுனாமி வந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கோயிலில் இருந்தோம். பூசை முடிந்து வெளியே வந்தபோது ஜனங்கள் மேற்கே ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் உயிர் மிஞ்சியது. கடை மிஞ்சவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். ஷட்டர் தெருக்கோடியில் மடங்கிக் கிடந்தது. சேற்றிலிருந்து அவர் ஒரு டிரான்சிஸ்டரை எடுத்தார். ஒரு பக்கமாகச் சாய்த்தார். தண்ணீர் கொட்டியது. மறுபடி அதைச் சேற்றிலேயே வைத்துவிட்டார்.

ஊரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் கடை போச்சு என்று அழ எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவர் அழவேயில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உப்பளத்தை ஒட்டி எங்களுக்குத் தகரக் கொட்டகை கொடுத்தார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் நிவாரணத்தில் வந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இது இன்னாண்ணு பாரு அந்தோணி" என்பார்கள். "கை வரலப்பா" என்பார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு ரேடியோகூட இல்லை. கடிகாரம்கூட இல்லை. அவர் கைக்கடிகாரம் உப்புத் தண்ணீர் குடித்து நின்றுபோய்விட்டது. உப்பளத்தில் அடிக்கிற மணிதான் எங்களுக்கு நேரம் சொன்னது.

நான் உப்புக் கூடை தூக்கப் போனேன். வேறு வழியில்லை. ஆனால் என் கவலை அதுவல்ல. இந்த மனுஷன் மறுபடியும் ஒரு ரேடியோவைத் திறப்பாரா, மாட்டாரா? அந்த ஐந்து மாதமும் எனக்கு வேறு கேள்வியே கிடையாது.

ஸ்கைலாப் கோழி

ஆகாயத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் கிளியனூர்க்காரி. பன்னிரண்டு வயது இருக்கும்போது ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது. அமெரிக்காக்காரன் மேலே கட்டிவிட்ட பெரிய ஆராய்ச்சிக்கூடம், கீழே விழப்போகிறது. எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது என்று பேப்பரில் போட்டிருந்தான்.

எங்கள் அப்பா அதைப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். விழுந்தால் கிளியனூரில்தான் விழும். உலகத்தில் வேறு ஊரே இல்லாத மாதிரி. மாதா திருவிழாவுக்கென்று அம்மா ஒரு சேவலை வளர்த்துவந்தாள். "நாமளே இருக்கப் போறதில்ல, சேவலு யாருக்கு?" என்று அறுத்துவிட்டார். அன்று நாங்கள் கண்ணீரோடு வயிறு முட்டச் சாப்பிட்டோம். அப்பா இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார்.

ஸ்கைலாப் ஆஸ்திரேலியாப் பக்கம் போய் விழுந்தது. திருவிழா வந்தது. சேவல் இல்லை. அம்மா சாகும்வரை, அப்பா எந்தச் செய்தியைப் படித்தாலும், "ஆமா, ஸ்கைலாப்பு" என்பாள். ஒரே வார்த்தை. அப்பா பேப்பரை மடித்துவிடுவார்.

அதற்குப் பல வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க அந்தோணி வந்தார். என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு ரேடியோ கரகரத்ததைத்தான் பார்த்தார். "ஒரு ஸ்குரூ டிரைவர் கெடைக்குமாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். கத்தி கொடுத்தோம். கத்தி நுனியாலேயே முதுகைத் திறந்தார். வேலை செய்தபடியே, ரஷ்யாக்காரன் முதல் சாட்டிலைட்டை விட்டபோது அது 'பீப் பீப்' என்று கத்தியதையும், உலகம் முழுக்க ரேடியோ வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்தே அதைக் கேட்டதையும் சொன்னார். நிலாவில் ஆள் இறங்கினதைக் காட்டிலும் அதுதான் அவருக்குப் பெரிய விஷயம். "நெலாவுக்குப் போனது ரெண்டு பேரு. இத யாரு வேணா கேட்டாங்க. கெழவி கூட கேட்டுருக்கும்" என்றார்.

நம் நாட்டு ஆள் ஒருவர் முதன்முதலாக மேலே போய், அங்கிருந்து பேசியதைத் தான் ரேடியோவில் கேட்டதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஓடிவிட்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

பொட்டலத் தாள்

சுனாமிக்குப் பிறகு மூன்றாவது வாரமோ என்னவோ, பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தோம். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிவந்த தாளில் ஒரு படம். ஆரஞ்சு நிறத்தில் தரை, கூழாங்கல் மாதிரி சில கற்கள். சனி கிரகத்தின் நிலா ஒன்றில் ஒரு கருவி இறங்கி, அங்கிருந்து படம் அனுப்பியிருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் செவ்வாயில் இறக்கிவிட்ட இரண்டு வண்டிகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று ஓரத்தில் போட்டிருந்தான்.

அவர் சாம்பாரைத் துடைத்துவிட்டுப் படித்தார். "சனி கிட்டருந்து போட்டோ வந்துடுச்சு. நம்ம தெருவுல போன் வரல" என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் பேசிய முதல் நீண்ட பேச்சு அது.

அதே பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு அறையில், பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒருவர் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பாங்க் உத்தியோகம், லீவு போட்டுவிட்டு வந்தவர். ஹாம் ரேடியோக்காரர் என்றார்கள். வீட்டிலேயே ரேடியோ வைத்துக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, உலகத்தோடு பேசுகிறவர்கள் அவர்கள். டெலிபோன் செத்துப்போன நாட்களில், யார் உயிரோடிருக்கிறார், எங்கே அரிசி வேண்டும், எல்லாம் அவர் பெட்டி வழியாகத்தான் போனது. நான் பிழைத்துவிட்டேன் என்று கிளியனூருக்குத் தகவல் போனதும் அப்படித்தான்.

அவருடைய ஆன்டெனா காற்றில் சாய்ந்தபோது, யாரும் கூப்பிடாமல் என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ப் பிடித்துக் கட்டினார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் சார் அவரை மறக்கவில்லை. ஊருக்குப் போகும்போது, தானே தன் கையால் செய்த ஒரு பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். பேச முடியாது, கேட்க மட்டும். பெட்டி எங்கள் தகரக் கொட்டகையில், வேட்டியில் சுற்றியபடியே மூன்று மாதம் இருந்தது.

அப்புறம் மே மாதத்தில் சாரிடமிருந்து கடிதம் வந்தது: நம் ராக்கெட் ஒன்று பெரிய சாட்டிலைட்டோடு கூடவே ஒரு சின்ன சாட்டிலைட்டையும் கொண்டுபோகிறது. அந்தச் சின்னது எங்களைப் போன்ற ஹாம்களுக்கென்றே செய்தது. உங்கள் ஊர் உப்பளம் மாதிரி மரம், கட்டடம் இல்லாத வெட்டவெளி யாருக்கும் கிடைக்காது. கேட்டுப் பாருங்கள், அந்தோணி.

ராக்கெட் போன அன்று, அதன் புகையைப் பார்த்ததாக உப்பளத்தில் பாதிப்பேர் சத்தியம் செய்தார்கள். உப்பின் வெளிச்சத்தில் என் கண் கூசியதுதான் மிச்சம். அடுத்த வாரம் சாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எந்தெந்த நாள் காலையில் எத்தனை மணிக்கு அது எங்களுக்கு மேலே வரும் என்று வரிசையாக எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, உப்பளக் கொட்டகைத் தூணில் ஒட்டினார். அவராகவே ஒட்டினார். அன்று ராத்திரி நான் இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

பத்தே கால்

முதல் நாள், ஆரம்பத்தில் சொன்னேனே அந்த நாள், தாளில் போட்டிருந்த நேரம் பத்தே கால்.

உப்பள வேலை விடியும் முன்னே தொடங்கிவிடும். இருட்டில் பாத்தி வெள்ளையாகத் தெரிந்தால் போதும், கூடை தூக்கலாம். அதற்கு யாரும் மணி பார்ப்பதில்லை. முடிவதற்குத்தான் மணி. உப்பளக் கொட்டகையில் ஒரு சுவர்க் கடிகாரம். அதில் பத்து ஆனதும் வாட்ச்மேன் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் டங் டங்கென்று அடிப்பார். கூடையை வைத்துவிட்டு, கை கால் கழுவி, எல்லோரும் மெயின் ரோட்டுக்குக் கிளம்புவார்கள். பஸ்ஸைப் பிடிக்க இருபது நிமிட நடை.

அன்றைக்கு யாரும் கிளம்பவில்லை. பச்சையம்மாள் இருங்கடி என்றாள், இருந்தார்கள்.

வாட்ச்மேனிடம் கடன் வாங்கிய, நின்றுபோயிருந்த கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, மணி அடித்தபோது என் வீட்டுக்காரர் சரியாகப் பத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். பத்தே காலுக்குக் கழியைத் தூக்கினார். வடக்கே காட்டினார். இரைச்சல். உச்சியில் காட்டினார். இரைச்சல். தெற்கே காட்டினார். பெட்டியின் குமிழை நான்தான் அவர் சொன்னபடி திருப்பினேன். பத்தரை ஆயிற்று. பத்து முப்பத்தைந்து ஆயிற்று. அது மேலே இருப்பதே பன்னிரண்டு நிமிடம்தான் என்று அவரே சொல்லியிருந்தார்.

கழியைக் கீழே இறக்கினார். ஒயரைச் சுற்றினார்.

உப்பள மேனேஜர் தன் மொபெட்டில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் அடுத்தவன் சறுக்கினால் அவருக்குக் காபி குடித்த மாதிரி.

"இன்னாப்பா விஞ்ஞானி, லைன் பிஸியா?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்காக நின்றதில் பெண்களுடைய பஸ்ஸும் போயிருந்தது. அடுத்த பஸ் உச்சி வெயிலுக்குத்தான். அத்தனை பேரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்ததும் அவர் பெட்டியை மறுபடி வேட்டியில் சுற்றினார். "என்னால ஆவாது ஸ்டெல்லா. அந்த சார்கிட்ட திருப்பிக் குடுத்துடலாம்" என்றார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று தெரியாத கோபம். பாத்திரத்தையெல்லாம் தடால் தடாலென்று வைத்தேன். அவர் திரும்பவில்லை.

பம்புசெட்டில் சொன்னது

வேலை முடிந்ததும் பெண்கள் உப்புப் போகக் கை கால் கழுவுவது ஒரு பம்புசெட்டில். மறுநாள் மற்றவர்கள் கிளம்பிய பிறகும் பச்சையம்மாள் கிளம்பவில்லை. காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒன் வூட்டுக்காரு எப்பிடி இருக்காரு?"

"படுத்துனு இருக்காரு."

"அவரு மேல தப்பு இல்ல ஸ்டெல்லா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பம்பு சத்தத்துக்குள் வாயை வைத்த மாதிரி சொன்னாள்.

"நம்ம கடியாரம் இருவது நிமிசம் ஃபாஸ்ட்டு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் தொடர்ந்தாள். பல வருஷத்துக்கு முன்னால், வேலையை இருபது நிமிடம் முன்னால் விடச் சொல்லி முதலாளியைக் கேட்டிருக்கிறார்கள். பத்துக்கு விட்டால் பத்து இருபது பஸ்ஸை ஓடிப் பிடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பன்னிரண்டு மணிவரை ரோட்டில் வெயில். வீட்டில் பால் குடிக்கும் பிள்ளைகள். முதலாளி முடியாது என்றுவிட்டார். அன்றிலிருந்து கொட்டகைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற வேலையைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். தினம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல், முள்ளை நகர்த்தி, இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"மேனேஜரு?" என்றேன்.

"அவரு வாட்ச்சு உப்புக் காத்துல ஸ்லோவா ஓடுதாம். தெனம் வந்ததும் நம்ம கடியாரத்தப் பாத்துத் திருப்பி வச்சுக்குவாரு. வீட்டுக்குப் போனதும் அங்க ஒரு வாட்டி திருப்புவாரு போல." சிரிக்காமல் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"புதுசா வர்றவங்களுக்கு நாங்க சொல்றதில்ல. நீ வந்து நாலு மாசந்தான் ஆவுது. ஒன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு நேத்து ரோட்டுல நிக்கிறப்போ எல்லாரும் பேசினோம். சொல்லிடுன்னுட்டாங்க. அந்த மனுசன் மூஞ்சியப் பாக்க முடியல. அவருகிட்ட சொல்லு. ஆனா அவரு வாயிலருந்து வெளிய வந்துச்சுன்னா முப்பது பேருக்கும் வேலை இல்ல."

உப்பளத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது உண்மை. ஆனால் அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். விரலை விட்டு எண்ணினார். "நான் கழியத் தூக்கினப்போ நெஜ டைம் ஒம்பது அம்பத்தஞ்சு. எறக்கினப்போ பத்தே காலு" என்றார். அப்புறம் தலையில் கைவைத்தார். "அது வந்துச்சு ஸ்டெல்லா! நான் ஒயரச் சுத்துனு இருக்கிறப்போதான் அது ஏறி வந்துச்சு!"

பக்கத்துக் கொட்டகைக்குப் போய் ரேடியோவை வாங்கிவந்து, செய்திக்கு முன்னால் அடிக்கிற நேரத்தைக் கேட்டார். முந்தின நாள் மணிக்குத் திருப்பி வைத்த கைக்கடிகாரம் இன்னும் அவரிடம்தான் இருந்தது, அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இருபது நிமிடம், அச்சாக.

தூணில் ஒட்டிய தாள்

ஆனால் தாள் தூணில் இருந்தது. அதில் அடுத்த நேரம் ஒன்பது ஐம்பது என்று பெரிய எழுத்தில் இருந்தது. கிழித்துவிடலாம் என்றேன். மேனேஜர் தினமும் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்ததால், கிழித்தாலும் ஏன் என்று கேட்பார். மாற்றி எழுதினாலும் கேட்பார். "இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்" என்றார் என் வீட்டுக்காரர். எப்படி என்று சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. கொட்டகைக் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது. நாங்கள் இன்னும் கூடை தூக்கிக்கொண்டிருந்தோம். அவர் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். "ஏம்பா, மணி ஆயிடுச்சு. தூக்கு கழிய!"

"வருங்க சார்."

"எங்க வருது? ஒம்பது அம்பதுன்னு நீதான எழுதிக்கிற?"

"வருங்க சார்."

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மேனேஜர் விடவில்லை. முதல் ராக்கெட்டிலிருந்து ஆரம்பித்து, நிலாவில் கொடி நட்டவன் வரைக்கும் எல்லோரையும் இழுத்து, அவர்கள் எல்லாம் அந்தோணியைக் கேட்காமல் எப்படித்தான் போய்விட்டுத் திரும்பினார்களோ என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் வாய் அடைத்துவிடும். என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். அவர் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்துக்கு மணி அடித்தது. பெண்கள் கூடையை வைத்துவிட்டு வரப்பைச் சுற்றி வந்து நின்றார்கள்.

அவர் எழுந்தார். கழியை வடக்கே காட்டினார். கொட்டகைக் கடிகாரத்தில் பத்து பத்து. என்னை விலகச் சொல்லிவிட்டு, ஒரு கையால் கழியைத் தோளில் சாய்த்து, மறு கையால் குமிழைப் பிடித்தார்.

இரைச்சல். இரைச்சல். அப்புறம் அதற்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் எழும்பியது.

பெட்டியின் விசில்தான் என்று முதலில் நினைத்தேன். அவர் கழியை லேசாகத் திருப்பினார், சத்தம் தடித்தது. வேறு பக்கம் திருப்பினார், மெலிந்தது. விசிலின் ஸ்தாயி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. அது ஓடுகிற வேகத்தால் அப்படி இறங்கும் என்று பிறகு சொன்னார். இறங்க இறங்க அவர் விரல் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அதை விடாமல் பிடித்துக்கொண்டே போனது. ஐந்து மாதமாகக் கை வரவில்லை என்று சொன்னவரின் கை.

"இது மேலருந்தா வருது?" என்றாள் பச்சையம்மாள்.

"மேலருந்துதான்."

"அவ்ளோ ஒயரத்துலருந்து நம்ம உப்பளத்துக்கு?" என்று கேட்டவள், சும்மாட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

தெற்கே, பாண்டிச்சேரிப் பக்கம், விசில் மெலிந்து இரைச்சலுக்குள் கரைந்தது. அவர் கழியை இறக்கினார்.

மேனேஜர் இன்னும் தெற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கேட்டிருந்தார், அவருக்கும் ஏதோ ஆகியிருந்தது. ஆனாலும் மேனேஜர் மேனேஜர்தானே. வாட்ச்சைத் தட்டிக் காட்டினார்.

"எல்லாம் சரிப்பா. ஆனா இருவது நிமிசம் லேட்டு. சாட்டிலைட்டு எப்பிடிய்யா லேட்டா வரும்? அவனுங்க நொடிக் கணக்குப் போட்டுல்ல விடுறானுங்க?"

முப்பது பேரும் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க, சரியாகச் செய்வேன் என்ற ஒரு பெயரைத் தவிர வேறு எதையும் சம்பாதிக்காத மனுஷன். தாளில் அவர் எழுதியதில் ஒரு நிமிடம்கூடத் தப்பில்லை.

"நான்தாங்க கணக்கத் தப்பா போட்டுட்டேன்" என்றார். "ரெண்டு வாட்டியும் நான்தான் தப்பு பண்ணேன்."

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "அதான பாத்தேன்! படிச்சவன் செய்ய வேண்டிய கணக்க நீ செஞ்சா?" என்றார்.

"எங்கண்ணன் கணக்குல எப்பவுமே வீக்குங்க சார்" என்றாள் பச்சையம்மாள். அதுவரை அவரை மெக்கானிக்கு என்றுதான் கூப்பிட்டவள். சொன்னவள் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் "ஓடுங்கடி!" என்று ஒரு சத்தம். மற்றவர்கள் எல்லோரும் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். மேனேஜரும் போனார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் வரப்பில் இருந்தோம். அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் கணக்கு தப்பு இல்ல. தெரியும்ல?" என்றார், நிமிராமலே.

"தெரியும்" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சா போதும்."

அந்த நிமிடத்தில் எனக்கு அவர் மேல் வந்த ஆசையைக் கல்யாணமான புதிதில்கூட நான் பட்டதில்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கழியோடு பின்னால் வந்தவர் பாதி வழியில் நின்றார்.

"ஸ்டெல்லா."

"இன்னா?"

"நாளைக்குப் பாண்டிக்குப் போவணும். ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கணும்."

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நடு உப்பளத்தில் அழுதிருப்பேன். "காலைல சீக்கிரமே கெளம்புங்க, வெயிலு ஏறிடும்" என்று மட்டும் சொன்னேன்.